சீட்டுக்கு அடியில் மஞ்சள் ஒயர்

அத்தியாயம் 9

டிராக்டரைப் பற்றி ஊசிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: முன்னால் சின்னச் சக்கரம், பின்னால் பெரிய சக்கரம், நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. மூன்றாவது விஷயத்தில் கோட்டைவிட்ட ஒரு மனிதனுக்காகத்தான் துப்பறியும் மேடமும் அவர் உதவியாளான அவனும் பழைய டிராக்டர் விற்கும் அந்த யார்டுக்குள் நுழைந்தார்கள். புல் வெட்ட வண்டி வாங்க வந்திருக்கும் அக்கா, தம்பி வேஷத்தில்.

செத்தவன் மலைச்சரிவில் ஒரு விடுதி நடத்தியவன். சரிவு முழுக்கப் புல்தரை. பாதியைத் தன் சின்ன டிராக்டரில் ஏறித் தானே வெட்டுவான், மீதியைக் கூலிக்கு விடுவான். அன்று அடியில் சிக்கிய புல்லை எடுக்க வண்டிக்கு முன்னால் படுத்தான் என்பது போலீஸ் கணக்கு. வண்டி அவன் மேல் ஏறிப் போனது.

இந்த ரக வண்டிகளில் சீட்டை விட்டு ஆள் எழுந்தால் எஞ்சின் தானாக நிற்க வேண்டும். ஏன் நிற்கவில்லை என்று போலீஸ் சீட்டைத் தூக்கிப் பார்த்தது. அடியில் ஒரு மஞ்சள் ஒயர் கட்டியிருந்தது. பாதுகாப்பை ஏமாற்றுவதற்காகக் கட்டியது. வண்டியைப் பழுது பார்த்துவந்த மெக்கானிக்கிடம் ஒயரின் படத்தைக் காட்டினார்கள். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நான்தான் போட்டேன்" என்றார். போலீசுக்கு வேலை மிச்சம். நாளைக்குத் தீர்ப்பு.

மெக்கானிக்கின் மனைவிதான் மேடத்தைத் தேடி வந்தவள். கூலிக்குப் புல் வெட்டுகிறவள், அதற்கென்று சொந்தமாக ஒரு சின்ன வண்டி வைத்திருக்கிறாள். "எங்க வீட்டுக்காரர் அப்படிச் செய்யற ஆள் இல்ல. அந்த வண்டிய விடுதிக்காரம்மா யாருக்கோ வித்துட்டாங்க. கண்டுபிடிங்க மேடம். கண்டுபிடிச்சதும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்று அழுதாள். அழுகை நன்றாக இருந்தது. ஊசி கைக்குட்டையைக் கொடுத்தான். அது திரும்பி வரவேயில்லை.

யார்டு முதலாளி கழுத்தில் துண்டும் காதில் பென்சிலுமாக வந்தார். ஆளைப் பார்த்தே பர்ஸின் கனத்தைச் சொல்லும் கண்.

"என்ன இடம் மேடம்? எவ்வளவு புல்லு?"

"வீட்டைச் சுத்திப் புல்லு. கொஞ்சம் மேடு பள்ளம். மண்ணும் அள்ளணும்."

"இந்தாங்க, உங்களுக்காகவே நிக்குது." அவர் ஒரு சிவப்பு வண்டியின் மேல் செல்லமாகத் தட்டினார். "மீட்டரைப் பாருங்க, ஓடினதே இல்ல. ரிட்டயர் ஆன ஒரு சார் வச்சிருந்தார். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பார்."

மேடம் குனிந்து பிரேக் பெடலைத் தடவினார். அதன் ரப்பரில் ஒரு வரி மிச்சமில்லை. வழுக்கைத் தலை மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டினவர் பெடலை இப்படித் தேய்ச்சிருக்காரே."

"பயந்த சுபாவம் போல, அக்கா" என்றான் ஊசி. "நிறுத்தி வச்ச வண்டிலயும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்திருப்பார்."

முதலாளி சிரிக்கவில்லை. அடுத்த வண்டிக்குப் போனார். மேடம் அந்த வண்டியைப் பார்க்கவே இல்லை, அதன் அடியில் இருந்த தரையைப் பார்த்தார்.

"எல்லா வண்டிக்கும் அடியில பழைய மண்ணு. இதுக்கு அடியில மட்டும் காலைல போட்ட மண்ணு. எண்ணெய் எங்க இருந்து ஒழுகுது? ஹைட்ராலிக்கா, கியர் பாக்ஸா?"

"மேடம் வண்டி வாங்க வந்தீங்களா, என்னைக் குடும்பத்தோட தெருவுல நிறுத்த வந்தீங்களா?"

"வாங்கத்தான். அந்த மூலைல தார்ப்பாய் போட்டு என்ன வச்சிருக்கீங்க?"

"அது வேணாம். எஞ்சின் ஓடாது. உதிரிக்குத்தான் ஆகும்."

மேடம் அதற்குள் அங்கே போய்விட்டார். தார்ப்பாயை விலக்கினால் பளபளவென்று பச்சை. பெயின்ட் அடித்தவனுக்கு அவசரம் போல, ரப்பர் குழாய் மேலும் அடித்திருந்தான், டயரின் ஓரத்திலும் இழுத்துவிட்டிருந்தான். மேடம் நான்கு டயர்களையும் ஒரு சுற்று பார்த்தார். இடது பக்க டயர்கள் மட்டும் வெளி ஓரத்தில் தேய்ந்திருந்தன.

"இது சமதரைல ஓடின வண்டி இல்ல" என்று ஊசியின் காதில் சொன்னார். "சரிவுல, எப்பவும் ஒரே திசைல. நம்ம விடுதிக்காரன் எப்படிப் புல்லு வெட்டுவான்?"

"மலையைச் சுத்தி, கடிகாரம் சுத்தற மாதிரி. மெக்கானிக்கோட சம்சாரம்தான் சொன்னாங்க." ஊசி டயரைத் தொட்டுப் பார்த்தான். "அப்ப இதுதானா?"

மேடம் முதலாளி பக்கம் திரும்பினார். "பெயின்ட்டுக்கு முன்னாடி இது என்ன கலர்? ஆரஞ்சுதானே? மலை மேல ஒரு ஆளைக் கொன்ன வண்டி."

முதலாளி காதிலிருந்து பென்சிலை எடுத்தார், மறுபடி வைத்தார். "கொன்னுச்சுன்னு சொல்லாதீங்க, வியாபாரம் கெடும். மூணு பேர் வந்து பாத்தாங்க, விஷயம் தெரிஞ்சதும் ஒருத்தரும் விலைகூடக் கேக்கல. புல்லு வெட்டற வண்டிதானே, ஒரே ஒரு தடவை கொஞ்சம் பெருசா வெட்டிடுச்சு. அதுக்காக ஒதுக்கி வச்சா எப்படி?"

"எஞ்சின் ஏன் ஓடல?"

"முதலாளி போன துக்கமோ என்னவோ. வந்த நாள்ல இருந்து ஸ்டார்டர் சுத்துது, எஞ்சின் பிடிக்க மாட்டேங்குது. எனக்கு இந்த வேலையெல்லாம் பாக்கற மெக்கானிக் ஒருத்தர்தான். அவரு இதே வண்டி கேஸ்ல உள்ள இருக்காரு. யாரைக் கூப்பிட?"

மேடம் சீட்டைத் தூக்கினார். அடியில் மஞ்சள் ஒயர் அப்படியே இருந்தது. வழக்கு முடியும் வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். முதலாளி பெயின்ட் அடிக்கும்போதுகூட அதைத் தொடவில்லை. சட்டத்தின் மேல் அவருக்கு அந்த அளவுக்கு மரியாதை.

சுவிட்சுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் அந்த ஒயர் சேர்த்துக் கட்டியிருந்தது. நுனியில் அழகான ஒரு முடிச்சு, மூன்று தடவை முறுக்கி உள்ளே மடித்த முடிச்சு.

ஊசிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஏதோ பெரிதாகக் கிடைத்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. கொஞ்சம் தள்ளிப் போய் மெக்கானிக் மனைவிக்குப் போன் போட்டு, வண்டி கிடைத்துவிட்டது என்றும், எந்த யார்டில் என்றும் சொன்னான். நல்ல செய்தியை யார் முதலில் சொல்வது என்பதில் அவனுக்கு எப்போதும் ஒரு பேராசை உண்டு.

திரும்பி வந்தபோது மேடம் ஒயரைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்பவாவது பிரிட்ஜ் கதவைத் திறந்து பாத்திருக்கியா?"

"அதுதான் என் முழுநேர வேலை, மேடம்."

"கதவைத் திறந்தா உள்ள லைட் எரியும். கதவுல ஒரு பொத்தான் இருக்கு. கதவு அதை அழுத்தினா லைட் அணையும். காலிங் பெல் பொத்தான் அதுக்கு நேர்மாறு. அழுத்தினாத்தான் வேலை செய்யும். சீட்டுக்கு அடியில இருக்கற சுவிட்சும் இப்படி ரெண்டு ரகம். சில வண்டில ஆள் உக்காந்தா கம்பி ரெண்டும் சேரும், எஞ்சின் ஓடும். அதை ஏமாத்தணும்னா கம்பியைச் சேத்துக் கட்டணும். இன்னும் சில வண்டில ஆள் எழுந்தாத்தான் கம்பி சேரும். சேந்தா எஞ்சின் நிக்கும். அதை ஏமாத்தணும்னா கம்பியைக் கழட்டி விட்டாலே போதும்."

"இது எந்த ரகம்?"

"ரெண்டாவது. அதனாலதான் ஸ்டார்டர் சுத்தியும் எஞ்சின் பிடிக்கல."

ஊசி ஒயரைப் பார்த்தான், பிறகு மேடத்தைப் பார்த்தான். "அப்ப இந்த ஒயர்..."

"இந்த ஒயர் இருக்கற வரைக்கும் இந்த எஞ்சின் ஓடாது. யார் உக்காந்தாலும் ஓடாது. துக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வண்டி அவன் மேல ஏறினப்ப இந்த ஒயர் இல்லவே இல்ல. ஆனா எஞ்சின் ஓடிச்சு. அதுக்கு என்ன அர்த்தம்?"

"சீட்டுல யாரோ உக்காந்திருந்தாங்க."

"உக்காந்து அவன் மேல ஏத்திட்டு, அப்புறம் இறங்கி, விபத்து மாதிரி தெரியட்டும்னு இதைக் கட்டியிருக்காங்க. கட்டினவங்களுக்கு முதல் ரக வண்டிதான் பழக்கம். ஸ்டார்ட் பண்ணிப் பாக்கக்கூட நேரமில்ல. நம்ம மெக்கானிக் இந்த வண்டியை எத்தனையோ தடவை பிரிச்சுப் போட்டவர். தூக்கத்துலகூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டார்."

ஊசி அப்பாடா என்று மூச்சு விட்டான். அந்த நேரம் பார்த்து முதலாளி போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மன்னிச்சுக்கணும் மேடம். இந்த வண்டி போயாச்சு. இப்பத்தான் ஒரு பார்ட்டி கூப்பிட்டுச்சு. மூலைல கிடக்கற பச்சை வண்டி வேணுமாம். ஓடாதுன்னு சொன்னேன், பரவாயில்லன்னாங்க. நான் சொன்ன விலைக்குப் பேரமே பேசல. லாரியோட வராங்களாம்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை."

முதலாளி ரசீதுப் புத்தகம் தேடிப் போனார். மேடம் மெல்லத் திரும்பினார். "இங்க வந்ததை யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்லயே. அந்தம்மாகிட்ட மட்டும்தான்..." வாக்கியத்தை முடிக்கும் முன்பே ஊசி தன் போனை எடுத்துப் பார்த்தான். "மேடம், அவங்க நம்ம கட்சி."

"பச்சைன்னும் சொன்னியா?"

"சொன்னேன்."

"வேலை முடிஞ்சுது" என்றார் மேடம். கோபமாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று அவனுக்குக் கடைசி வரை தெரியவில்லை. அவர் ஒயரை நாலு கோணத்தில் படம் எடுத்தார். வழக்கை நடத்தும் அதிகாரிக்குப் போன் போட்டு வரச் சொன்னார். முதலாளியைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே ஒயரின் ஒரு நுனியை மட்டும் விடுவித்தார். முடிச்சு குலையவில்லை.

லாரி வந்தபோது அவளே முதலில் குதித்து இறங்கினாள். மேடத்தைப் பார்த்ததும் கால் ஒரு நொடி தயங்கியது. முகம் தயங்கவில்லை.

"நீங்க இன்னும் கிளம்பலியா மேடம்?"

"வண்டி பாக்கறோம். நீ எதுக்கு இதை வாங்கற?"

"என் குடியைக் கெடுத்த வண்டி. துண்டு துண்டா அறுத்துப் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"நாளைக்குத் தீர்ப்பு. உன் வீட்டுக்காரரைக் காப்பாத்த இருக்கற ஒரே சாட்சியை இன்னைக்கு அறுக்கப் போற. சரி, ஏறி ஸ்டார்ட் பண்ணு. ஓட்டியே லாரில ஏத்திடலாம்."

"அது ஓடாதுன்னு சொன்னாரே."

"ஏறு."

ஏறினாள். சீட்டில் உட்கார்ந்த விதத்திலேயே பழக்கம் தெரிந்தது. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே பிடியில் எழுந்து உறுமியது. அவள் தீயைத் தொட்டவள்போல எழுந்தாள். எஞ்சின் நின்றது.

முதலாளி பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"பாதுகாப்பெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு" என்றார் மேடம். "நீ கட்டின ஒயர்தான் வண்டியை ஓட விடல. உன் வண்டில இப்படித்தான் கட்டியிருக்கா?"

அவள் இறங்கவில்லை. மறுபடி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று ஊசி எதிர்பார்த்தான். அழவில்லை.

"என் வீட்டுக்காரர் கட்டித் தந்தது. கல்லு பொறுக்க அடிக்கடி இறங்கணும். இறங்கறப்பல்லாம் எஞ்சின் நின்னா எனக்குக் கஷ்டம்னு கட்டித் தந்தார். பக்கத்துல நின்னு பாத்தேன். எல்லா வண்டிக்கும் அதுதான்னு நினைச்சேன்."

"அன்னைக்கு என்ன நடந்தது?"

"பிளேடு சுத்துதான்னு அடியில படுத்துப் பாக்கணும்னான். சீட்டுல ஆள் இல்லன்னா எஞ்சின் நின்னுடும், நீ ஏறி உக்காருன்னான். உக்காந்தேன். அப்பத்தான் சொன்னேன், புருஷனை விட்டுட்டு உங்கூடவே வந்துடறேன்னு. அவன் தலையைக்கூட வெளிய நீட்டல. 'நீ வந்துட்டா புல்லு யார் வெட்டறது'ன்னு கேட்டுச் சிரிச்சான்." அவள் தன் வலது காலைப் பார்த்தாள். "சிரிப்பு நிக்கல. நான் நிறுத்தினேன்."

"உன் வீட்டுக்காரர் மாட்டுவார்னு தெரியுமா?"

"தெரியாது. விபத்துன்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். அவர் ஏன் ஒத்துக்கிட்டார்னு இன்னும் புரியல. ஆனா ஒத்துக்கிட்டார். வக்கீலைக் கேட்டேன், கவனக்குறைவுதான், அவருக்குச் சில வருஷம்தான்னு சொன்னார். எனக்குன்னா ஆயுசு முழுக்க. அந்த ஒயரை யாரும் மறுபடி பாக்கக் கூடாதுன்னுதான் வண்டியைத் தேடச் சொன்னேன். நீங்களே கணக்குப் போடுங்க மேடம். யார் போனா நஷ்டம் கம்மி?"

இவ்வளவு நேரத்தில் ஊசி ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

"அவர்கிட்ட படத்தைக் காட்டினாங்க" என்றார் மேடம். "இந்த ஒயரோட இந்த வண்டி ஓடாதுன்னு பாத்த உடனே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். முடிச்சு யாருதுன்னும் தெரிஞ்சிருக்கும். அவர் வேற யாருக்கும் அதைச் சொல்லித் தரல."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டியரிங்கிலிருந்து கை நழுவியது. போலீஸ் ஜீப் வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதும் அவள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொலையை நானே சொல்லிடறேன். அவனுக்கும் எனக்கும் இருந்ததை மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க. எனக்காக உள்ள போன மனுஷன்."

மேடம் கையை விடுவித்துக்கொண்டார். "நீ எங்களுக்குக் குடுத்த வேலை அவரை வெளிய கொண்டு வரது. அதை மட்டும் நான் பாக்கறேன்."

மாலைக்குள் வக்கீலைப் பிடித்துச் சிறையில் பார்க்க அனுமதி வாங்கியாகிவிட்டது. வழி நெடுக ஊசி, அந்த மனிதரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே காரை ஓட்டினான். மனைவிக்காகப் பழியைச் சுமந்தவர். அவரிடம் போய், அவள் உங்களுக்குத் துரோகம் செய்தவள் என்று எப்படிச் சொல்வது? தனக்குக் கல்யாணம் ஆகாதது நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே, இப்படி ஒருத்தர் தனக்காகப் பழியை ஏற்பாரா என்ற ஏக்கமும் வந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான ஆள். இத்தனை நாள் ஆகியும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

மேடம் சுருக்கமாகச் சொன்னார். வண்டி கிடைத்தது, ஒயரைக் கழற்றியதும் எஞ்சின் ஓடியது, உங்கள் மனைவி ஒத்துக்கொண்டாள், போலீஸ் அழைத்துப் போயிருக்கிறது. அவர் நகக்கண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே" என்று ஊசி தொண்டையைக் கனைத்தான். "உங்களை மாதிரி ஒரு புருஷனை நான் பாத்ததில்ல. ஆனா ஒரு விஷயம் இருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்த விடுதிக்காரரும் அவங்களும்..."

"தெரியும்" என்றார் மெக்கானிக்.

"தெரியுமா?"

"ரொம்ப நாளாத் தெரியும், தம்பி. விடுதிக்குப் புல்லு வெட்டப் போயிட்டுச் சாயங்காலம் வருவா. வண்டில ஊத்தின பெட்ரோல் ஊத்தினபடியே இருக்கும். வண்டியைத் துடைக்கறவன் நான். எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

மேடம் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஊசி அவரை இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை. அடுத்த கேள்விக்கு என்ன பதில் வரும் என்று தெரியாமல் கேட்கிறவரின் முகம் அது.

"அப்ப ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"அவளைக் காட்டிக் குடுத்தா என்ன ஆகும்? இங்க கொண்டு வந்து போடுவாங்க. நாலு பேரோட சாப்பிடுவா, நாலு பேரோட தூங்குவா, கொஞ்ச நாள்ல பழகிடும். இப்ப அப்படி இல்ல. வாரம் தவறாம வந்து, நீங்க உக்காந்திருக்கற அதே பெஞ்சுல உக்காருவா. எனக்குத் தெரியுமா, தெரியாதான்னு என் மூஞ்சில தேடுவா. நான் எதுவும் காட்ட மாட்டேன். நல்லா சாப்பிடறியா, வண்டி சரியா ஓடுதான்னு கேப்பேன், அவ்வளவுதான். முதல்ல ஒழுங்காப் பதில் சொல்லிட்டு இருந்தா. போன தடவை தண்ணி டம்ளரை அவளால பிடிக்க முடியல." அவர் குரல் ஏறவே இல்லை. பழுதான வண்டி ஒன்றைப் பற்றிப் பேசுகிற நிதானம். "இன்னும் சில வருஷம் குடுத்திருந்தா முடிச்சிருப்பேன் மேடம். யாரைக் கேட்டு நடுவுல புகுந்தீங்க?"

ஊசி பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அவள் உட்கார்ந்த இடம் என்று தெரிந்த பிறகு அங்கே உட்கார அவனால் முடியவில்லை.

"எனக்கு வேலை குடுத்தது உங்க மனைவி" என்றார் மேடம். "நாளைக்குக் காலைல அந்த வண்டியை நீதிபதி முன்னாடி நிறுத்தி, ஒயரோட ஒரு தடவை, ஒயர் இல்லாம ஒரு தடவை சாவியைத் திருப்புவாங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க வெளிய போயிடுவீங்க. அவங்க உள்ள இருப்பாங்க. நீங்க சொன்ன மாதிரியே பழகிடுவாங்க."

மெக்கானிக்கின் கை கம்பிக்குப் போனது. கம்பியில் விரலை வைத்து எதையோ முறுக்குவதுபோல் முறுக்கிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தது என்று காவலர் அவர் தோளைத் தொட்டார். எழுந்து இரண்டடி நடந்தவர் நின்றார்.

"சார்" என்று காவலரிடம் கேட்டார். "பொம்பளைங்க சிறையில பாக்கறதுக்கு எந்தெந்த நாள் விடுவாங்க?"